செக்கு எண்ணெய்க் கம்பெனிக்குப் பெயர் வாங்கினோம்: தேடிய விதம், திரும்பி வந்தது, ஆன செலவு

பெயர் ஒதுக்கியாயிற்று என்று மின்னஞ்சல் வந்துவிட்டது. செக்கோரம் ஃபுட்ஸ் பிரைவேட் லிமிடெட். முதலில் வேறு பெயரோடு போய்த் திரும்பி வந்து, அப்புறம் கிடைத்தது இது. இடையில் என்னென்ன பார்த்தோம், எதை முதலில் பார்த்திருக்க வேண்டும், எவ்வளவு செலவானது என்று எழுதி வைக்கிறேன். தமிழ்ப் பெயரில் கம்பெனி தொடங்க நினைப்பவர்களுக்கு ஸ்பெல்லிங் பற்றிய பகுதி உதவும்.

நானும் மச்சானும் காங்கேயம் பக்கம் மரச்செக்கு போட்டு ஆட்டிக்கொண்டிருக்கிறோம். இதுவரை மச்சான் பெயரில் தனிநபர் தொழில்தான். கோயம்புத்தூரில் எண்ணெய் எடுக்க முன்வந்த ஒரு கடைக்காரர் கம்பெனி பில் இருந்தால் நல்லது என்றார், எங்களுக்கும் தொழிலில் கடன் விழுந்தால் அது வீடு தோட்டம் வரை வரக்கூடாது என்ற எண்ணம் இருந்தது. எல்எல்பி-யும் (பொறுப்புக்கு வரம்பு உள்ள கூட்டாண்மை) யோசித்தோம். அதில் பெயருக்குக் கட்டணம் 200 ரூபாய்தான், ஒப்புதல் கிடைத்தால் பெயர் 3 மாதம் நிற்கும். கம்பெனிக்கு 1000 ரூபாய், நிற்பது 20 நாள். ஆனால் பின்னால் சொந்தக்காரர்கள் இரண்டு பேரைப் பங்குதாரர்களாகச் சேர்க்கும் திட்டம் இருந்ததால் பிரைவேட் லிமிடெட் என்று முடிவு செய்தோம்.

பெயர் விஷயத்தில் சென்னையிலோ கோயம்புத்தூரிலோ இருக்கும் கம்பெனிப் பதிவாளர் அலுவலகத்துக்குப் போக வேண்டியதே இல்லை. நாடு முழுவதற்கும் பெயர் பார்ப்பது ஹரியானாவில் மானேசரில் இருக்கும் மத்தியப் பதிவு மையம். விண்ணப்பம் கம்பெனி விவகார அமைச்சகத்தின் எம்சிஏ தளத்தில், ஸ்பைஸ் பிளஸ் படிவத்தின் பகுதி ஏ. 2020 பிப்ரவரியிலிருந்து இந்தப் படிவம்தான். பகுதி ஏ-வில் பெயர் மட்டும், பகுதி பி-யில் மற்ற எல்லாம். பெயருக்கு டிஜிட்டல் கையொப்பம் வேண்டாம், தளத்தில் ஒரு கணக்கு இருந்தால் போதும். ஒரு விண்ணப்பத்தில் இரண்டு பெயர் கொடுக்கலாம். குறை சொல்லித் திருப்பினால் 15 நாளுக்குள் ஒரு முறை திருத்தி அனுப்பலாம், அதுவும் போனால் கட்டிய 1000 ரூபாய் போச்சு, புதிதாகக் கட்ட வேண்டும்.

கருவி என்று பார்த்தால் ஒரு லேப்டாப்பும் ஒரு எக்செல் ஷீட்டும்தான். இந்த ஷீட்டைப் பிறகு சொல்கிறேன், மொத்த வேலையிலும் அதுதான் முக்கியமானது.

முதலில் மனதில் இருந்த பெயர் வாகை. எங்கள் செக்கின் உலக்கை வாகை மரம், பக்கத்து ஊர்களிலும் வாகை மரச்செக்கு எண்ணெய் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். யோசித்துப் பார்த்தால் அங்கேயே சிக்கல் இருக்கிறது: எல்லோரும் பாட்டிலில் எழுதும் சொல்லை நமக்கு மட்டும் கேட்கிறோம். அப்போது அது தோன்றவில்லை, வெற்றி என்ற பொருளும் இருக்கிறது, எழுதவும் அழகாக இருக்கிறது என்று மச்சான் லோகோ வரை போய்விட்டார்.

பட்டியலில் வேறு பெயர்களும் இருந்தன, அவை விதியைப் படித்ததும் விழுந்தன. கம்பெனிகள் (இன்கார்ப்பரேஷன்) விதிகள் 2014-இல் 8, 8ஏ, 8பி என்று மூன்று விதிகள், 2019 மே மாதம் திருத்தி எழுதியது. ஆங்கிலத்தில்தான் இருக்கிறது, ஆனால் எடுத்துக்காட்டோடு இருப்பதால் புரிந்துவிடும், ஆடிட்டரிடம் போகும் முன் ஒரு முறை வாசித்துவிடுங்கள். நேஷனல், சென்ட்ரல், போர்டு, கமிஷன், பஞ்சாயத்து மாதிரிச் சொற்களுக்கு மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும். பேங்க், இன்சூரன்ஸ் போட்டால் அந்தந்தத் துறை ஒழுங்குமுறை அமைப்பின் ஒப்புதல் வேண்டும். வெறும் ஊர்ப்பெயர், வெறும் நாட்டின் பெயர் மட்டும் வைத்தால் கிடைக்காது. வெறும் தொழிலைச் சொல்லும் பெயரும் கிடைக்காது, அதாவது மரச்செக்கு ஆயில் மில்ஸ் என்று மட்டும் வைத்தால் அது யாருடைய மில்லுக்கும் பொருந்தும். காங்கேயம் ஆயில்ஸ் என்று மாமா சொன்ன பெயர் அதில் போனது. மூன்று குழந்தைகளின் முதல் எழுத்தைச் சேர்த்து மச்சான் வைத்த பெயரும் போனது, பொருளில்லாத எழுத்துச் சுருக்கத்தை விரும்பத்தகாத பெயர் என்று விதி சொல்கிறது.

சரி, வாகை. எம்சிஏ தளத்தில் கம்பெனிப் பெயர் சரிபார்க்க ஒரு பக்கம் உண்டு. அதில் முழுப் பெயரையும் அடிக்கக் கூடாது. வாகை ஆயில்ஸ் பிரைவேட் லிமிடெட் என்று அடித்தால் அதே மாதிரி முழுப் பெயர் இருக்கிறதா என்றுதான் மனம் தேடும், ஒன்றும் தென்படாது, நிம்மதியாகிவிடுவோம். முக்கியச் சொல்லை மட்டும் அடிக்க வேண்டும். வருகிற பட்டியலில் ஒவ்வொரு கம்பெனிக்கும் சின் என்ற 21 எழுத்து எண் இருக்கும், அதைப் படிக்கக் கற்றுக்கொண்டால் பாதி வேலை அங்கேயே முடியும். முதல் எழுத்து யு என்றால் பங்குச்சந்தையில் பட்டியலிடாத கம்பெனி, எல் என்றால் பட்டியலிட்டது. அடுத்த ஐந்து இலக்கம் தொழில் குறியீடு, பிறகு மாநிலத்துக்கு இரண்டு எழுத்து, நான்கு இலக்கத்தில் பதிவான ஆண்டு, பிடிசி என்றால் பிரைவேட், கடைசி ஆறு இலக்கம் பதிவு எண். ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்காமலே இவர் கட்டுமானம், இவர் சாஃப்ட்வேர், இவர் உணவுப்பொருள் என்று பிரித்துவிடலாம்.

மாநிலக் குறியீட்டைப் பார்த்து "இது அசாம்ல இருக்குது, நமக்கென்ன" என்று மச்சான் ஒன்றைத் தள்ளினார். அப்படித் தள்ள முடியாது. கம்பெனிப் பெயர் நாடு முழுவதற்கும் ஒன்றுதான். நிலை என்ற இடத்தில் ஸ்ட்ரைக் ஆஃப் என்று இருந்தால் செத்த கம்பெனிதானே என்றும் எடுத்துக்கொள்ள முடியாது, பதிவாளர் கம்பெனிகள் சட்டம் 248-ஆம் பிரிவில் நீக்கிய கம்பெனியின் பெயர், அறிவிப்பு வந்ததிலிருந்து 20 வருடம் பூட்டியே கிடக்கும். நீக்கப்பட்ட எல்எல்பி என்றால் 5 வருடம்.

எங்கள் முதல் தேடலில் வி, ஏ, ஏ, ஜி, ஏ, ஐ என்று ஸ்பெல்லிங் போட்டு அடித்தோம். எண்ணெய், உணவு வரிசையில் நேராக மோதுவது எதுவும் கண்ணில் படவில்லை. வாகை ஆயில்ஸ், வாகை ஃபுட் புராடக்ட்ஸ் என்று இரண்டு பெயரைக் கொடுத்து, தொழில் பிரிவில் உணவுப்பொருள் உற்பத்தியைத் தேர்ந்தெடுத்து, என்ன செய்யப்போகிறோம் என்று நாலு வரி எழுதி, 1000 ரூபாய் கட்டி அனுப்பினோம். படிவத்திலேயே ஆட்டோ செக் என்று ஒரு பொத்தான் உண்டு, அதிலும் அடைப்பு எதுவும் காட்டவில்லை.

சில நாளில் திருத்தி அனுப்பச் சொல்லி வந்தது. மூன்று காரணம். ஒன்று, ஜி இருக்கும் இடத்தில் ஹெச் போட்டு எழுதிய ஒரு கம்பெனி ஏற்கெனவே உணவுத் தொழிலில் இருக்கிறது. இரண்டு, ஒற்றை ஏ போட்டு ஒரு எல்எல்பி இருக்கிறது. மூன்று, டிரேட்மார்க் கிளாஸ் 29-இல் (சமையல் எண்ணெய் வரும் பிரிவு) அதே சொல்லுக்கு ஒருவர் விண்ணப்பம் போட்டு வைத்திருக்கிறார். இரண்டு பெயருக்கும் இதே மூன்று காரணம், ஏனென்றால் ஆயில்ஸ், ஃபுட் புராடக்ட்ஸ் என்பதெல்லாம் வால், தலை ஒன்றுதான். இரண்டு வாய்ப்பு இருந்த இடத்தில் ஒன்றைத்தான் பயன்படுத்தியிருக்கிறோம்.

இங்கேதான் விதி 8-ஐ நிதானமாகப் படித்தேன். எந்த வித்தியாசத்தையெல்லாம் வித்தியாசமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று அதில் வரிசையாக இருக்கிறது. ஒருமை பன்மை, பெரிய எழுத்து சின்ன எழுத்து, இடைவெளி, புள்ளி, உச்சரிப்பு ஒன்றாக இருந்து எழுத்து மட்டும் மாறுவது எதுவும் கணக்கில் வராது. சொல் வரிசையை மாற்றினாலும் அதேதான், ரவி பில்டர்ஸ் அண்ட் கான்ட்ராக்டர்ஸும் ரவி கான்ட்ராக்டர்ஸ் அண்ட் பில்டர்ஸும் ஒன்று. எண் சேர்த்தாலும் தப்ப முடியாது, தண்டர் சர்வீசஸ், தண்டர் 11 சர்வீசஸ் இரண்டும் ஒன்று. பின்னால் டாட் காம் ஒட்டினாலும், முன்னால் தி போட்டாலும், ஊர்ப்பெயர் சேர்த்தாலும் அப்படியே. வாகை காங்கேயம் ஆயில்ஸ் என்று போட்டால் நடக்குமா என்று நாங்கள் அடுத்து யோசித்துக்கொண்டிருந்தோம், அந்த வழி அங்கேயே அடைபட்டது. முழுதாக மொழிபெயர்த்து வைத்தாலும் அதே பெயர்தான், நேஷனல் எலக்ட்ரிசிட்டி கார்ப்பரேஷனும் ராஷ்ட்ரிய வித்யுத் நிகமும் ஒன்று என்று விதியே சொல்கிறது. ஒரு சலுகை உண்டு: ஏற்கெனவே இருக்கும் கம்பெனி இயக்குநர் குழுவில் தீர்மானம் போட்டு ஆட்சேபம் இல்லை என்று கொடுத்தால் கிடைக்கும். டிரேட்மார்க்குக்கும் அப்படியே, பதிவு செய்தவரோ விண்ணப்பித்தவரோ சம்மதக் கடிதம் கொடுக்க வேண்டும். மச்சான் டிரேட்மார்க்காரருக்குக் கடிதம் எழுதினார். பதில் வரவில்லை. நானாக இருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன்.

இப்போது அந்த எக்செல் ஷீட். தமிழ்ப் பெயரில் இதுதான் அடிப்படைத் தொல்லை. நம் காதுக்கு ஒரே சொல், ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதி வைத்திருப்பார்கள், தேடும் பெட்டிக்கோ அடித்த எழுத்துதான் தெரியும், பரிசீலிக்கும் ஆள் காதால் பார்ப்பார். வாகைக்கு நாங்கள் எழுதிப் பார்த்தது: முதல் ஏ ஒன்றா இரண்டா, நடுவில் ஜி-யா ஹெச்-ஆ கே-யா, கடைசியில் ஏஐ-யா ஏஒய்-யா வெறும் ஐ-யா, வி-க்குப் பதில் டபிள்யு. இவற்றைப் பெருக்கினால் 2 பெருக்கல் 3 பெருக்கல் 3 பெருக்கல் 2, மொத்தம் 36 எழுத்துரு, அதாவது 36 விதமான ஸ்பெல்லிங். எல்லாவற்றையும் தேட வேண்டாம், யாரும் எழுத மாட்டாத உருவங்களை அடித்துவிட்டால் பத்துப் பன்னிரண்டு மிஞ்சும். ழ வரும் பெயர் என்றால் இன்னும் மோசம், இசட்ஹெச், எல், எல்ஹெச், ஒய் என்று நாலு விதம் அதற்கே. த-வுக்கு டி, டிஹெச். ச-வுக்கு எஸ், சி, சிஹெச், எஸ்ஹெச். நெடிலுக்கு ஒற்றை எழுத்தா இரட்டையா என்பது எப்போதும் உண்டு. ஒற்றுக்கும் அப்படியே, க்கு-வில் ஒரு கே-யா இரண்டு கே-யா.

ஷீட்டில் நெடுக எழுத்துரு, குறுக்கே நாலு பத்தி: கம்பெனி, எல்எல்பி, டிரேட்மார்க், டொமைன். ஒவ்வொரு கட்டத்திலும் என்ன வந்தது, எந்தத் தொழில், என்ன நிலை என்று இரண்டு மூன்று சொல்லில். ஒரு கட்டத்தில் நேர் மோதல் வந்தவுடன் அந்தப் பெயரையே சிவப்படித்து நிறுத்திவிடுவது. முடிக்க வேண்டும் என்று மீதிக் கட்டங்களை நிரப்பிக்கொண்டிருந்தால் பொழுது போகும், பெயர் கிடைக்காது. எல்எல்பி-க்குத் தேடல் தனி, கம்பெனித் தேடலில் அது வராது, இது பலருக்குத் தெரிவதில்லை.

டிரேட்மார்க் தேடல் வேறு தளம், ஐபி இந்தியாவின் பொதுத் தேடல், இலவசம். உள்ளே போனால் சொல்லால் தேடலாம், ஒலியால் தேடலாம். முதலில் கிளாஸ் எண் தெரிய வேண்டும், அங்கே எங்கள் தொழிலே சிதறிப்போகிறது. சமையல் எண்ணெய் கிளாஸ் 29. வெல்லம், மாவு, மசாலா 30. புண்ணாக்கு மாட்டுத்தீவனம் என்பதால் 31. தலைக்குத் தேய்க்கும் தேங்காய் எண்ணெய் 3. விளக்கேற்றும் எண்ணெய் 4. கடை நடத்தினால் 35. ஒரே செக்கிலிருந்து வடிகிற தேங்காய் எண்ணெய் ஒரு லேபிளில் 29, இன்னொரு லேபிளில் 3. தேங்காய் எண்ணெய் உணவா கூந்தல் தைலமா என்று வரி விஷயத்திலும் ஒரு வழக்கு வருடக்கணக்கில் நடந்து, 2024 டிசம்பரில்தான் உச்ச நீதிமன்றம் சின்னப் பாக்கெட்டில் இருப்பதாலேயே அது கூந்தல் தைலம் ஆகிவிடாது என்று முடித்தது. நாங்கள் 29, 30, 31, 3 நான்கிலும் தேடினோம், 35-ஐயும் ஒரு முறை பார்த்தோம்.

சொல் தேடலில் தொடக்கம், உள்ளே எங்கேயாவது, அப்படியே பொருந்துவது என்று மூன்று விதம் இருக்கிறது. உள்ளே எங்கேயாவது என்பதை எடுத்து, சொல்லின் நடுத்துண்டை மட்டும் அடித்தால் முன்பின் மாறியவையும் சேர்ந்து விழும். ஒலித் தேடல் தமிழ்ச் சொல்லுக்குப் பெரிதாக உதவவில்லை, சம்பந்தமில்லாதவை குவிகின்றன, ஆனாலும் ஒரு முறை ஓட்டிவிடுவது நல்லது. நிலை என்ற பத்தியைக் கவனிக்க வேண்டும். ரெஜிஸ்டர்டு என்றால் தெரியும். அப்ஜெக்டடு (அலுவலகம் ஆட்சேபித்தது), அப்போஸ்டு (வேறொருவர் எதிர்த்தது) என்று இருப்பவையும் உயிரோடு இருக்கும் விண்ணப்பங்கள், கம்பெனிப் பெயருக்கு அவையும் தடை. எங்களைத் தடுத்தது அப்ஜெக்டடு நிலையில் இருந்த ஒன்று. அபாண்டண்டு (கைவிட்டது), ரெஃப்யூஸ்டு (மறுத்தது), வித்ட்ரான் (திரும்பப் பெற்றது) ஆனவை நம் கணக்கில் வராது.

இவ்வளவு பார்த்தும் பிடிபடாத ஒரு கூட்டம் இருக்கிறது: டிரேட்மார்க் எடுக்காமல் தனிநபர் தொழிலாகவோ கூட்டாண்மை நிறுவனமாகவோ நடத்துபவர்கள். எம்சிஏ தேடலில் அவர்கள் வர மாட்டார்கள், அவர்களால் நம் விண்ணப்பமும் நிற்காது, ஆனால் அந்தப் பெயரில் நெடுநாளாகச் சரக்கு விற்றவர் பின்னால் பாஸிங் ஆஃப், அதாவது தன் பெயரைக் காட்டி நாம் சரக்கு விற்கிறோம், என்று வழக்குப் போடலாம். அதனால் கூகுள் மேப்பிலும் ஆன்லைன் கடைகளிலும் பெயரைப் போட்டுப் பார்த்தோம், ஈரோட்டில் எண்ணெய் மொத்தக் கடை வைத்திருக்கும் தெரிந்தவரிடமும் கேட்டோம். அவர் ஞாபகத்தில் இருக்கும் லேபிள் எந்தத் தளத்திலும் இல்லை.

அடுத்து புதுப்பெயர். இருக்கிற சொல் எதை எடுத்தாலும் யாரோ எடுத்திருந்தார்கள். மரம், பூ, மழை, மண், வேர், துளி வகையறா எல்லாம் ஷீட்டில் ஓரிரண்டு கட்டத்திலேயே சிவப்பு. முன்னால் இன்னொரு சொல் சேர்த்தால் வேறு பெயராகும் என்று விதியின் எடுத்துக்காட்டிலேயே இருக்கிறது, அல்ட்ரா சொல்யூஷன்ஸ் இருந்தாலும் சுப்ரீம் அல்ட்ரா சொல்யூஷன்ஸ் வைக்கலாம். ஆனால் டிரேட்மார்க் நடுவில் நிற்கும்போது அதை நம்பிப் பணம் கட்ட மனமில்லை. இரண்டு சொல்லை ஒட்டிப் புதிதாக ஒன்று உண்டாக்குவது என்று முடிவானது. செக்கு, எள், படி, நாழி, காடு, ஓரம், வாசல் என்று எழுதி வைத்து மாற்றி மாற்றி ஒட்டினோம். செக்கோரம் என் அக்கா மகள் சொன்னது. எள்வாசல் மச்சானுடையது.

இரண்டையும் ஷீட்டில் ஏற்றினோம். செக்கோரத்துக்குக் கே ஒன்று, கே இரண்டு, சிஹெச், வெறும் சி, எஸ், ஓ ஒன்று, ஓ இரண்டு. மோதல் இல்லை. செக்கு என்று தொடங்குபவை டிரேட்மார்க்கில் நிறைய வந்தன, ஆனால் செக்கு என்பது தொழிலைச் சொல்லும் சொல், அதை ஒருவர் தனக்கென்று பிடித்து வைக்க முடியாது, ஒட்டிய முழுச்சொல்தான் எங்களைப் பிரித்துக் காட்ட வேண்டும். அது போதுமா என்ற சந்தேகம் கடைசிவரை எனக்கு இருந்தது.

பெயரைப் பிடித்துக்கொள்ளும் முன் போனில் ஒரு சோதனை செய்தோம், இதை எல்லோருக்கும் சிபாரிசு செய்வேன். கரூரில் எங்களிடம் எண்ணெய் எடுக்கும் வியாபாரியைக் கூப்பிட்டு, புதுப்பெயரை ஒரே ஒரு முறை சொல்லி, ஆங்கிலத்தில் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னோம். "என்னங்க, சிக்கோரமுங்களா?" என்றார். இன்னொரு முறை சொன்னதும் சரியாக எழுதினார், ஒற்றை கே-யோடு. வேறு சிலரிடமும் கேட்டதில் பாதிப் பேர் ஒற்றை, பாதிப் பேர் இரட்டை. எள்வாசலில் முதல் எழுத்துக்கே குழப்பம், எல் வாசல் என்று எழுதி வடக்கு வாசல் தெற்கு வாசல் மாதிரி ஆக்கிவிட்டார்கள். அதனால் செக்கோரம் முதல், எள்வாசல் இரண்டாவது. கம்பெனிப் பெயரில் இரட்டைக் கே, டொமைனில் இரண்டையும் வாங்கிவிடுவது. ஆயில்ஸ் என்று போடாமல் ஃபுட்ஸ் என்று போட்டது நாளைக்கு வெல்லமோ மாவோ விற்றால் பெயர் இடிக்கக் கூடாது என்பதற்காக.

திருத்தி அனுப்பும்போது ஒரு பக்க பிடிஎஃப் சேர்த்தேன். சொல் எப்படி உண்டானது, எந்தெந்த எழுத்துருவில் தேடினோம், டிரேட்மார்க்கில் எந்த கிளாஸில் தேடி என்ன வந்தது என்று சுருக்கமாக. கட்டாயம் இல்லை, ஆடிட்டரும் தேவையில்லை என்றுதான் சொன்னார், ஆனால் தமிழ் தெரியாத ஒருவர் மானேசரில் உட்கார்ந்து பார்ப்பார், அவருக்கு இது என்ன சொல் என்று நாம்தான் சொல்ல வேண்டும். முதல் பெயரே ஒப்புதலானது.

ஒப்புதல் வந்துவிட்டால் பெயர் நமக்கே என்று உட்கார்ந்துவிட முடியாது. கம்பெனிகள் சட்டம் 16-ஆவது பிரிவில், டிரேட்மார்க் வைத்திருப்பவர் கம்பெனி பதிவானதிலிருந்து 3 வருடத்துக்குள் அமைச்சகத்தின் மண்டல இயக்குநரிடம் முறையிடலாம். அவர் மாற்றச் சொல்லி உத்தரவிட்டால் 3 மாதத்துக்குள் மாற்ற வேண்டும், மாற்றாவிட்டால் 2021 செப்டம்பரிலிருந்து ஒரு விதி இருக்கிறது, கம்பெனியின் பெயரே தானாக ஓஆர்டிஎன்சி, ஆண்டு, வரிசை எண், சின் எண் என்று மாறிவிடும். மண்டல இயக்குநர் உத்தரவை நிறைவேற்றாதது என்பதன் சுருக்கம் அந்த ஐந்து எழுத்து. அதை நெற்றியில் ஒட்டிக்கொண்டு யாரிடம் போய் எண்ணெய் விற்பது.

அதனால் பெயர் வந்த கையோடு டிரேட்மார்க்கும் போட்டோம். கிளாஸ் 29 மட்டும், இப்போதைக்கு. தனிநபர், ஸ்டார்ட்அப், சிறுதொழில் என்றால் ஆன்லைனில் ஒரு கிளாஸுக்கு 4500 ரூபாய், மற்றவர்களுக்கு 9000. கம்பெனி இன்னும் பிறக்கவில்லை என்பதால் மச்சான் பெயரில் தனிநபராகப் போட்டோம், பிறகு கம்பெனிக்கு எழுதிக்கொடுத்துப் பதிவை மாற்ற வேண்டும். கம்பெனி பதிவான பிறகு உத்யம் சான்று (சிறுதொழில் பதிவு) எடுத்துக் கம்பெனி பெயரிலேயே போட்டாலும் அதே 4500-தான், காத்திருக்கப் பொறுமை இருப்பவர்கள் அப்படிச் செய்யலாம், எழுதிக்கொடுக்கும் வேலை மிச்சம். ஒரு வேடிக்கை, இதையே கம்பெனிப் பெயர் கேட்பதற்கு முன்னால் போட்டிருந்தால், மச்சான் தன் கம்பெனிக்குத் தானே சம்மதக் கடிதம் கொடுத்திருக்க வேண்டும்.

பெயருக்கு மட்டும் ஆன செலவு: எம்சிஏ கட்டணம் 1000, ஆடிட்டர் 2000, டொமைன் இரண்டு எழுத்துருவிலும் சேர்த்து 1500, டிரேட்மார்க் 4500. ஆக 9000 ரூபாய். டிஜிட்டல் கையொப்பம் பகுதி பி-க்கு எப்படியும் வேண்டும் என்பதால் அதை இதில் சேர்க்கவில்லை, டிரேட்மார்க் விண்ணப்பத்துக்கும் அதே கையொப்பம் உதவியது. ஆடிட்டர் இல்லாமலும் செய்யலாம், பகுதி ஏ-வில் அவர் செய்து நாம் செய்ய முடியாதது ஒன்றும் இல்லை. ஆனால் பகுதி பி-க்கு அவர் தேவை என்பதால் ஆரம்பத்திலிருந்தே வைத்துக்கொண்டோம்.

மறுபடி செய்தால் வரிசையை மாற்றுவேன். முதலில் டிரேட்மார்க், ஏனென்றால் பெயர்கள் அதிகம் விழுவது அங்கேதான், அப்புறம் எல்எல்பி, கடைசியில் கம்பெனி. லோகோவைப் பெயர் வந்த பிறகுதான் வரைய விடுவேன், மச்சான் கோபித்தாலும். முதல் விண்ணப்பத்திலேயே தலைச்சொல் வேறு வேறான இரண்டு பெயரைக் கொடுப்பேன்.

பகுதி பி-க்கான காகிதங்களைப் பெயர் கேட்கும் முன்பே தயார் செய்திருப்பேன், இதில்தான் இப்போது மாட்டியிருக்கிறோம். 20 நாள் ஓடிக்கொண்டிருக்கிறது. பதிவு அலுவலக முகவரிக்கு இரண்டு மாதத்துக்கு மேல் பழையதாகாத ஒரு பில் வேண்டும். நம் ஊரில் கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் வருகிறது, கையில் இருக்கும் பில் விளிம்பில் நிற்கிறது, அடுத்த ரீடிங் இன்னும் எடுக்கவில்லை. இடம் மாமாவுடையது என்பதால் அவருடைய ஆட்சேபமின்மைக் கடிதமும் வாங்க வேண்டும், அவர் பழனிக்குப் போயிருக்கிறார். 20 நாளுக்குள் முடியாவிட்டால் 1000 ரூபாய் கட்டி ஒதுக்கியதிலிருந்து 40 நாள் வரை நீட்டலாம், இன்னும் 2000 கட்டினால் 60 நாள் வரை. முதல் 20 நாளுக்குள்ளேயே மொத்தமாக 3000 கட்டினால் நேராக 60 நாள். மாமா திங்கட்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார், ரீடிங் எடுப்பவர் வந்துவிட்டால் நீட்டிக்கும் செலவு இருக்காது. வராவிட்டால் 1000 ரூபாய் கட்டி 40 நாள் வாங்கிக்கொள்வோம், 3000 எல்லாம் வேண்டாம்.